பாலிசியில் சேராத வயலின்

"உன் வாழ்க்கையில எப்பவாவது பனியைப் பார்த்திருக்கியா?" என்று ஸ்கூட்டரின் பின் சீட்டிலிருந்து அண்ணி கேட்டாள்.

"ஃப்ரிட்ஜோட மேல்தட்டுல பார்த்திருக்கேன்," என்றான் வால். "கத்தியால சுரண்டினா வரும்."

"நமக்கு அவ்வளவுதான் அனுபவம். நிறுத்து, இதுதான் இசைப்பள்ளி."

வால் பிரேக்கைப் பிடித்தான். ஸ்கூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. பள்ளியின் வாசலில் ஒரு வெள்ளை வேன், பின்கதவு திறந்தபடி, பெட்டிகளுக்காகக் காத்திருந்தது. வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்த அந்த மதியத்தில் வேனின் கண்ணாடியில் யாரோ காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'பனிச்சறுக்குப் பயணம் – புறப்பாடு மாலை 5.'

அவள் வாலுக்கு உண்மையிலேயே அண்ணி, அவன் அண்ணனின் மனைவி. ஆனால் அவளைத் தேடி வருகிறவர்களும் நாளடைவில் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பதினோரு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெயிம் பிரிவில் உட்கார்ந்து, யார் சொல்வது நிஜம், யார் சொல்வது கதை என்று பிரித்துக்கொண்டிருந்தவள். பிறகு வேலையை விட்டுவிட்டு, இரண்டு நாற்காலி போட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். இரண்டாவது நாற்காலி வாலுடையது. வயது முப்பத்திநான்கு, உச்சந்தலையில் சின்ன வழுக்கை. ஆட்களைப் பின்தொடர்வதால் அந்தப் பெயர் என்று அவன் எல்லோரிடமும் சொல்வான். அவனுக்கு நான்கு வயதிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அலுவலக அறையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. காதோரம் ஒரு பென்சில். பள்ளியில் அவளை எல்லோரும் ரெஜிஸ்டர் அக்கா என்றே அழைத்தார்கள். வந்தது, போனது, உடைந்தது, பழுது பார்த்தது எல்லாம் அவள் பதிவேட்டில் இருக்கும்.

"உட்காருங்க," என்றாள். "நான் உட்கார மாட்டேன். உட்கார்ந்தா அழுதுடுவேன்."

"அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்கக்கா," என்றாள் அண்ணி.

விஷயம் இதுதான். அறை மூலையில் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் பள்ளியை ஆரம்பித்தவரின் வயலின். நூறு வயதைத் தாண்டியது. வருடத்துக்கு ஒரு நாள், ஆண்டு விழாவில் மட்டும் வெளியே வரும். இன்று காலை திறந்து பார்த்தால் பெட்டி இருக்கிறது, வயலின் இல்லை. அலமாரிக்கு ஒரே சாவி. அது பத்தொன்பது வருடமாக ரெஜிஸ்டர் அக்காவின் கழுத்துச் சங்கிலியில்.

"பள்ளி முதல்வர் என்ன சொல்றார்?"

"சாவி உன்கிட்ட, அதனால எடுத்தது நீன்னு சொல்றார். அஞ்சு மணிக்குள்ள வயலின் வரலைன்னா ஏர்போர்ட் போற வழியில போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டுப் போவாராம். பின்பக்கம் ரெண்டு ரூம், அதுலதான் நானும் என் மகளும் இருக்கோம். அவ பாடணும்னாகூட அங்கே கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பாடணும். அதையும் காலி பண்ணணுமாம்." அவள் பென்சிலை எடுத்து, மறுபடி காதில் வைத்தாள். "மகள் காலேஜ் விட்டு அஞ்சரைக்கு வருவா. அவ கேட்டைத் தாண்டும்போது யாராவது 'உங்கம்மா திருடி'ன்னு சொன்னா, அதுக்கப்புறம் வயலின் கிடைச்சு எனக்கு என்ன பிரயோஜனம்?"

சுவர்க் கடிகாரம் மூன்று அடிக்கப் பத்து நிமிடம் என்றது.

"நேத்து அலமாரி எப்பவாவது திறந்து கிடந்ததா?" என்றாள் அண்ணி.

ரெஜிஸ்டர் அக்காவின் முகம் சுருங்கியது. "அதைத்தான் காலையிலேர்ந்து நினைச்சு நினைச்சு நொந்துக்கிறேன். சாயங்காலம் நாலு பேரும் இங்க உட்கார்ந்து இன்சூரன்ஸ் படிவம் எழுதினாங்க. பாஸ்போர்ட் நம்பர் வேணும். பாஸ்போர்ட் எல்லாம் அலமாரிக்குள்ள. திறந்து எடுத்துக் கொடுத்தேன். அதுக்குள்ள போன் வந்தது, வெளியே போனேன். கால் மணி நேரம். திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தேன், பூட்டினேன்."

"பெட்டியைப் பார்த்தீங்க. பெட்டிக்குள்ள?"

"பார்க்கல," என்றாள் அவள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவளைப் போல.

"யார் அந்த நாலு பேர்?"

"முதல்வர், பியானோ சார், வயலின் டீச்சர், டிரம்ஸ் மாஸ்டர். இந்த நாலு பேர்தான் பனிச்சறுக்குக்குப் போறாங்க."

"வயலின் இந்நேரம் ஊர் தாண்டியிருக்குமே," என்றான் வால்.

"இல்லை. கேட்டுல வாட்ச்மேன் எல்லாப் பையையும் திறந்து பார்ப்பார். முதல்வர் வீட்டுக்குப் போனாலும் பார்ப்பார். அது முதல்வரே போட்ட சட்டம்."

"அப்ப உள்ளேதான் எங்கேயோ இருக்கு," என்றாள் அண்ணி. "இன்னிக்குப் பெட்டி படுக்கையோட வெளியே போகப் பார்க்கும். படிவங்களைக் காட்டுங்க."

"நேத்தே ஏஜென்ட் எடுத்துட்டுப் போயிட்டார். என்கிட்ட இருக்கிறது இதுதான்."

அவள் மேஜையில் ஒரு பெரிய தாளை விரித்தாள். அளவுகோல் வைத்துப் போட்ட கட்டங்கள். மேலே மூன்று கம்பெனிகள்: பச்சை, நீலம், மஞ்சள். இடப்பக்கம் பதினோரு கேள்விகள். கீழே நான்கு பேருடைய பெயர்களும், அவரவர் தேர்வுகளும்.

"இதை நீங்களா போட்டீங்க?"

"மூணு கம்பெனிப் புத்தகத்தையும் முழுசாப் படிச்சேன். எழுத்து எறும்பு சைஸுல இருந்தது." பேச்சு இந்தப் பக்கம் திரும்பியதும் அவள் குரலில் உயிர் வந்தது. "பாருங்க, மலை மேல கால் உடைஞ்சா ஹெலிகாப்டர்ல இறக்கறது பச்சையிலயும் மஞ்சள்லயும் மட்டும்தான் உண்டு. நீலத்துல ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்துதான் கணக்கு. குறிச்ச பாதையை விட்டு விலகிச் சறுக்கினா பச்சை கை விரிச்சுடும். ஹெல்மெட் போடலைன்னா மூணுமே கிடையாது. அப்புறம், பனியே பெய்யாம சறுக்கு நடக்கலைன்னா மஞ்சள்ல நாளுக்கு இவ்வளவுன்னு கொடுக்கறாங்க."

"பனி பெய்யாததுக்குக் காசா?" என்றான் வால். "எங்க தெருவுல நான் பிறந்ததுலேர்ந்து பெய்யலக்கா. எனக்கு எவ்வளவு வரும்?"

ரெஜிஸ்டர் அக்கா சிரித்தேவிட்டாள். அன்று அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுவாக இருக்கவேண்டும். உடனே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலு பேருக்கும் மஞ்சள்தான் சரின்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. நீயும் வர்றியான்னு மட்டும் யாரும் கேட்கல."

அண்ணியின் விரல் தாளின் மேல் ஊர்ந்தது. பியானோ சார், கை விரல்களுக்குக் கூடுதல் இன்சூரன்ஸ் காப்பு. டிரம்ஸ் மாஸ்டர், பனிச்சறுக்குக் காப்பு வேண்டவே வேண்டாம்.

"என்ன இது?" என்றான் வால். "பனிச்சறுக்குப் போறவர் பனிச்சறுக்கு வேண்டாம்னு எழுதியிருக்கார்?"

"சின்ன வயசுல பெரிய சாம்பியனா இருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டார்," என்றாள் ரெஜிஸ்டர் அக்கா. "போய் ஹோட்டல்ல உட்கார்ந்து சாப்பிடத்தான் போறார்னு நினைக்கிறேன்."

"பார்த்தியா வால்," என்றாள் அண்ணி. "மனுஷங்க வீட்டுல பொய் சொல்வாங்க, கோர்ட்டுல சொல்வாங்க, டாக்டர்கிட்டகூடச் சொல்வாங்க. இன்சூரன்ஸ் படிவத்துல மட்டும் கை நடுங்கும். தப்பா எழுதினா கிளெயிம் வராதே! பதினோரு வருஷம் பார்த்திருக்கேன். ஒருத்தரோட ரகசியம் தெரியணும்னா டைரியைப் படிக்காதே, படிவத்தைப் படி."

முதல்வர், சொந்தப் பனிச்சறுக்குப் பலகைக்குக் காப்பு. அண்ணி அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனாள். அங்கே விரல் நின்றது. வயலின் டீச்சர், தனி ஒரு பொருளுக்கான காப்பு, உச்ச அளவு.

"ஒத்தைப் பொருள்," என்றாள். "ரொம்ப விலை உள்ள ஒத்தைப் பொருள். எங்க இருக்காங்க இந்த டீச்சர்?"

* * *

மாடியில் கடைசி அறை. கதவு பாதி திறந்திருந்தது. வால் தட்டினான். உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பெண் திரும்பவில்லை. மறுபடி தட்டினான். பிறகு கதவையே ஆட்டினான்.

"நம்மளை மதிக்கவே மாட்டேங்கறாங்க அண்ணி. திருடங்களுக்கு இவ்வளவு தைரியம் ஆகாது."

அண்ணி உள்ளே போய், அந்தப் பெண்ணின் எதிரே நின்றாள். டீச்சர் துள்ளி எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். கூந்தலை இரண்டு காதுகளையும் மூடும்படி இறக்கி வாரியிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க, கவனிக்கல," என்றாள். அவள் கண்கள் அண்ணியின் உதடுகளின் மேல் இருந்தன.

அண்ணி அதைக் கவனித்தாள். பிறகு, வாலுக்கு விளங்காத ஒரு காரியம் செய்தாள். கையால் வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "உங்க பேக் திறந்திருக்கு," என்றாள்.

டீச்சர் மரியாதையாகப் புன்னகைத்தாள். "ஆமா, ரொம்ப வெயில்," என்றாள்.

வால் திரும்பி அண்ணியைப் பார்த்தான். டீச்சருக்குத் தான் மாட்டிக்கொண்டது புரிந்துவிட்டது. மெல்ல நாற்காலியில் அமர்ந்து, மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு சின்ன வெல்வெட் டப்பாவை எடுத்தாள். உள்ளே பட்டாணி அளவில் இரண்டு காது மெஷின்கள்.

"சார்ஜ் போட்டு வெச்சிருந்தேன்," என்று சொல்லி இரண்டையும் மாட்டிக்கொண்டாள். "என்கிட்ட இருக்கிறதுலேயே விலை அதிகமான பொருள் இதுதான். பனியில விழுந்து தொலைஞ்சுபோச்சுன்னா என்ன பண்றது? அதான் இன்சூரன்ஸ் எடுத்தேன். ஒண்ணரை வருஷமா யாருக்கும் தெரியாது. காது மெஷின் வெச்ச டீச்சர்கிட்ட யார் பிள்ளையை அனுப்புவாங்க?"

வாலுக்கு வாயில் ஒரு ஜோக் வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கினான். அது அவனுக்கு அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

"நாங்க வயலினை மட்டும்தான் தேடி வந்தோம் டீச்சர்," என்றாள் அண்ணி. "நேத்து படிவம் எழுதும்போது அலமாரி பக்கம் யாராவது போனாங்களா?"

"எல்லாரும்தான் போனோம், பாஸ்போர்ட்டைத் திருப்பி வைக்க. ஆனா ஒண்ணு. நான் என் பயிற்சி வயலினை எடுத்துட்டுப் போகலாமான்னு அங்கேயிருந்தே ஏஜென்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், ஸ்பீக்கர்ல போட்டு. மூணு கம்பெனியிலயும் இசைக்கருவிக்கு இடமே இல்லைன்னுட்டார். சரின்னு விட்டுட்டேன். அப்ப முதல்வர் ரொம்ப ஆர்வமா, 'பின்ன எதுக்கெல்லாம் இடம் இருக்கு?'ன்னு கேட்டார். பனிச்சறுக்கு சாமான், உடை, கண்ணாடின்னு ஏஜென்ட் அடுக்கிக்கிட்டே போனார்."

அண்ணி எழுந்தாள். "வால், வண்டியை எடு. மணி என்ன?"

"மூணு இருபது. கிளம்பறதுக்கு முன்னாடி வண்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும்."

* * *

ஏஜென்டின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடையின் மேல் இருந்தது. மேஜையில் மூன்று வண்ணங்களிலும் விளம்பரத் தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் பனியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணியைப் பார்த்ததும் ஏஜென்டின் பல் மறைந்தது.

"மேடம்! நீங்க நிராகரிச்ச என் கிளெயிம் மொத்தம் பதினேழு. மறக்கல."

"பதினெட்டு," என்றாள் அண்ணி. "நனைஞ்ச கேமரா ஒண்ணை விட்டுட்டீங்க. இசைப்பள்ளிக்காரங்க படிவம் நாலும் பார்க்கணும்."

"முடியாது. வாடிக்கையாளர் ரகசியம்." அவர் உறையொன்றைத் தன் பக்கம் இழுத்து, அதன் மேல் முழங்கையை ஊன்றினார். "நானே நாலரைக்கு வேனுக்குப் போய் பாலிசியைக் கையில கொடுக்கப்போறேன். அதுவரைக்கும் இது என் உயிர்."

"சரி, பார்க்க வேண்டாம். கேட்கலாமா? பொதுவா. பனிச்சறுக்குப் பலகைக்கு இன்சூரன்ஸ் எடுத்தா என்னென்ன எழுதச் சொல்வீங்க?"

"நீளம், எடை, எதால செஞ்சது. மூணும் சரியா இருக்கணும். சாமான் தொலைஞ்சு திரும்பக் கிடைச்சா, இதுதான் அதுன்னு எப்படி நம்பறது? அளவு ஒத்துப்போகலைன்னா நயா பைசா கிடையாது."

"பலகை எவ்வளவு நீளம் இருக்கும்?"

"ஆள் உயரத்துக்குப் பக்கத்துல வரும்."

"எல்லாருக்கும் அது தெரியும் இல்லையா?" என்று அப்பாவியாகக் கேட்டாள் அண்ணி.

இந்த இடத்தில் ஏஜென்டால் தாங்க முடியவில்லை. இருபது வருடம் படிவங்களோடு வாழ்ந்தவருக்குத் தன் துறையின் முட்டாள்தனங்களைச் சொல்லிச் சிரிக்க ஆள் கிடைப்பது அபூர்வம்.

"எங்கே மேடம் தெரியுது! பெயர் சொல்ல மாட்டேன். ஒரு பெரிய மனுஷர் எழுதறார், பலகை நீளம் அறுபது சென்டிமீட்டர்! எடை நானூத்தி ஐம்பது கிராம்! செஞ்சது மரத்தால! நான் நேத்து ராத்திரியே போன் பண்ணேன். 'சார், மூணு வயசுக் குழந்தைக்குக்கூட எழுபது வேணுமே'ன்னு. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், 'என் தங்கச்சி பேரனுக்கு'ன்னார். நானூத்தி ஐம்பது கிராம் மேடம்! அதை மாட்டிக்கிட்டு ஒரு பூனைகூடச் சறுக்க முடியாது."

அண்ணி சிரிக்கவில்லை. வால் மட்டும் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"வால், அறுபது சென்டிமீட்டர் நீளம். அரைக் கிலோவுக்கும் குறைவு. மரம். என்ன பொருள்?"

வால் கைகளால் காற்றில் அளந்து, அளந்ததைத் தோளில் வைத்துப் பார்த்தான். 

"இசைக்காரருக்கு வயலின் அளவு தூக்கத்துலகூடத் தெரியும்," என்றாள் அண்ணி. "ஆனா பனிச்சறுக்குப் பலகையை அவர் வாழ்க்கையில பார்த்ததே இல்லை. இதுவும் அந்த அளவுலதான் இருக்கும்னு நினைச்சுட்டார். பேரை மாத்தி எழுதினார். அளவை மாத்தி எழுதப் பயம். ஏன்னா அது தொலைஞ்சா கிளெயிம் வரணுமே! திருடினதுக்கும் இன்சூரன்ஸ் வேணும் அவருக்கு."

"எவர்?" என்றார் ஏஜென்ட் வெலவெலத்து. "நான் பெயரே சொல்லலையே!"

"சொல்ல வேண்டாம். சொந்தப் பலகைன்னு டிக் போட்டது ஒரே ஒருத்தர்தான். ரெஜிஸ்டர் அக்கா கட்டம் போட்டு வெச்சிருக்காங்க. முதல்வர்."

* * *

நாலரைக்கு வேனின் அருகே எல்லோரும் கூடியிருந்தார்கள். பியானோ சார் கையுறை போட்ட கைகளைக் குழந்தைகளைப் போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் மாஸ்டர் டிரைவரிடம் சறுக்குவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். வயலின் டீச்சர் வேனுக்குள் ஜன்னலோரம். ரெஜிஸ்டர் அக்கா கேட்டின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள்.

நடுவில் முதல்வர். உயரமான மனிதர். கழுத்து வரை ஜிப் இழுத்த தடித்த நீலப் பனிக்கோட்டு. வியர்வை அவர் நெற்றியிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து மோவாய்க்கு என்று ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது.

"சார், உங்களுக்கு மட்டும் இப்பவே பனி பெய்ய ஆரம்பிச்சுடுச்சா?" என்றான் வால்.

"பெட்டியில இடமில்லை," என்றார் முதல்வர். "யார் நீங்க? இந்தம்மா கூட்டிட்டு வந்த ஆளுங்களா? நல்லது. எல்லார் பையையும் சோதனை போடலாம்னு நானே சொல்லியிருக்கேன். முதல்ல என் பையைப் பாருங்க."

வால் காத்திருக்கவில்லை. நீளமான கறுப்புப் பையைப் பாய்ந்து பிடித்து, ஜிப்பைச் சர்ரென்று இழுத்து, வெற்றிக் களிப்போடு கையை உள்ளே விட்டான். வெளியே வந்தது மஞ்சள் நிற பிளாஸ்டிக்கில், வாத்துப் படம் போட்ட, ஒரு ஜோடி குழந்தைப் பனிச்சறுக்குப் பலகை.

"தங்கச்சி பேரனுக்கு," என்றார் முதல்வர்.

வால் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு ஜோடி சாக்ஸ் விழுந்தது. டிரம்ஸ் மாஸ்டர் இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல். ரெஜிஸ்டர் அக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்தியா?" என்றார் முதல்வர். அவர் குரல் உயர்ந்தது. "பத்தொன்பது வருஷம் சோறு போட்ட இடத்துல கை வெச்சுட்டு, என் பையைத் திறக்க ஆள் கூட்டிட்டு வர்றாங்க! எல்லாரும் ஏறுங்க. போலீஸ் ஸ்டேஷன்ல அஞ்சு நிமிஷ வேலை இருக்கு."

"அண்ணி," என்று வால் முணுமுணுத்தான், "நான் எங்கேயாவது போய் ஒளிஞ்சுக்கட்டுமா?"

"இரு," என்றாள் அண்ணி. அவள் பலகைகளைப் பார்க்கவில்லை. முதல்வரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புகைப்படத்துக்கு நிற்கிறவர் போல அவர் விறைப்பாக நின்றார். பாஸ்போர்ட் அவர் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார். "கொஞ்சம் எடுத்துக் கொடு," என்றார்.

"குனிய முடியலையா சார்?" என்றாள் அண்ணி.

"முதுகு வலி. மூணு வருஷமா. உள்ளே பெல்ட் கட்டியிருக்கேன்."

"ஐயோ!" என்று ஒரு குரல் கேட்டது.

அது ஏஜென்ட். அப்போதுதான் உறையோடு வந்து சேர்ந்திருந்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தேகம் அல்ல. சுத்தமான தொழில் கவலை.

"சார், மூணு வருஷமா முதுகு வலியா? படிவத்துல எட்டாவது கேள்விக்கு என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா?" அவர் அங்கேயே உறையைப் பிரித்தார். "ஏற்கெனவே உள்ள நோய், வலி, சிகிச்சை... 'எதுவும் இல்லை.' உங்க கையெழுத்து! இது மறைச்சதுன்னு ஆகும் சார். பாலிசி மொத்தமும் ரத்து!"

"முதுகுக்குத்தானே ரத்து?" என்றார் முதல்வர்.

"எல்லாத்துக்கும். உங்களுக்கும் கிடையாது, சாமானுக்கும் கிடையாது."

"சாமானுக்குமா?"

 கால் உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்காத மனிதர், சாமானுக்காக வெளிறிப்போனார். வியர்வை ஒரு கணம் நின்றது போலிருந்தது. அவர் மனதில் ஒரு தராசு ஆடுவது எல்லோருக்கும் தெரிந்தது. எதற்கு ஆடுகிறது என்பது அவருக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரிந்தது.

"இப்பவே திருத்தி, பெல்ட் விவரத்தைச் சேர்த்துடலாம் சார்," என்றார் ஏஜென்ட். "ஆனா கம்பெனி பதில் சொல்ல ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் காப்பு இல்லை. வழியில ஏதாவது தொலைஞ்சா..."

"முதுகு வலி இல்லை!" என்றார் முதல்வர்.

"இல்லையா?"

"சும்மா சொன்னேன். எனக்கு ஒரு வலியும் கிடையாது. எழுதினது சரி."

"அப்ப பெல்ட்?"

"பெல்ட்டும் கிடையாது."

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் அண்ணி. அவள் வாட்ச்மேனின் மர ஸ்டூலை இழுத்து முதல்வருக்குப் பின்னால் வைத்தாள். "அப்ப உட்காருங்க சார். இந்த வெயில்ல எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

முதல்வர் ஸ்டூலைப் பார்த்தார். வாட்ச்மேனைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். அதற்குள்ளும் சீட்டுகள்தான் இருந்தன.

"பரவாயில்லை, நிக்கறேன்."

"வலி இல்லாதவர் உட்காரலாமே சார்," என்றார் ஏஜென்ட், பாலிசியைக் காப்பாற்றுகிற ஆவலில். "நான் சாட்சி கையெழுத்துப் போடணும். ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருங்க, முடிஞ்சது."

முதல்வர் மூச்சை இழுத்துக்கொண்டார். முழங்காலை மட்டும் மடித்து, முதுகை ஒரு பலகை போல நேராக வைத்தபடி, ஒவ்வொரு அங்குலமாக இறங்கினார். ஸ்டூலைத் தொட இன்னும் இரண்டு விரல் இடைவெளிதான்.

கோட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தடித்த, நீளமான, சோகமான ஒரே ஒரு சுரம்.

வேன் ஜன்னலிலிருந்து முதலில் எட்டிப் பார்த்தது வயலின் டீச்சர்தான். "நாலாவது கம்பி," என்றாள். "நம்ம வயலினோட நாலாவது கம்பி அது."

வால் இரண்டே எட்டில் முதல்வரின் பின்னால் போய் நின்றுகொண்டான். "சார், உங்க முதுகு நல்லாப் பாடுது. அசையாதீங்க, உடைஞ்சுட்டா கிளெயிம் வராது."

ஜிப்பை இறக்கியது பியானோ சார். அன்று முதல் முறையாகக் கையுறையைக் கழற்றியிருந்தார். கோட்டுக்குள், முதுகோடு முதுகாக, அகலமான துணிப் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தது வயலின். கழுத்துப் பகுதி கீழ்நோக்கி இடுப்புக்குள் செருகியிருந்தது. கேட்டைத் தாண்டியதும் வழியில் எங்காவது வேனை நிறுத்தச் சொல்லி, அதை வாத்துப் பலகைகளுக்கு நடுவில் மாற்றிவிடுவதாகத் திட்டம். பனிச்சறுக்கு ஊரில் வயலினை வாங்க ஆள் இருந்தது. பட்டையை அவிழ்த்து வயலினை எடுத்ததும், இதையெல்லாம் முதல்வர் யாரும் கேட்காமலே, ஸ்டூலில் நன்றாகக் குனிந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துச் சொன்னார். உட்கார முடிந்ததில் அவருக்கே ஒரு நிம்மதி இருந்தது.

"பலகை வாங்கினது நல்ல யோசனை சார்," என்றாள் அண்ணி. "ஏஜென்ட் போன் பண்ணினதும் காலையில ஓடிப்போய் வாங்கினீங்க, இல்லையா? படிவத்துல மரம்னு எழுதிட்டு பிளாஸ்டிக் வாங்கிட்டீங்க."

"இதுக்கு மேல சாமானுக்குக் காப்பு இருக்கா?" என்று முதல்வர் ஏஜென்டைக் கேட்டார். பழக்கம்.

"கைதானா எந்த பாலிசியிலயும் காசு கிடையாது, அது பொது விலக்கு சார்," என்றார் ஏஜென்ட் வருத்தத்தோடு.

போலீஸுக்குப் போன் செய்தது டிரம்ஸ் மாஸ்டர். அவர்கள் வந்து முதல்வரைக் கூட்டிக்கொண்டு போனபோது மணி ஐந்து. பள்ளிக்கு இன்னொரு பொறுப்பாளர் உண்டு, ஆரம்பித்தவரின் மகன். அவர் போனிலேயே ரெஜிஸ்டர் அக்காவிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். ரூமை யாரும் காலி செய்யவேண்டாம் என்றார்.

வயலின் அலமாரிக்குள் போனது. ரெஜிஸ்டர் அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்து பார்த்துவிட்டுப் பூட்டினாள். ஒரு புதிய பதிவேட்டை எடுத்துக்கொண்டு வேனருகே வந்தாள்.

"சரி, அக்கா," என்றார் டிரம்ஸ் மாஸ்டர், யாருடைய கண்ணையும் பார்க்காமல். "நாங்க கிளம்பறோம். ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு. கேட்டைத் திறங்க."

ரெஜிஸ்டர் அக்கா அசையவில்லை.

"காலையிலேர்ந்து நீங்க மூணு பேரும் இங்கேதான் இருந்தீங்க," என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "அவர் என்னைத் திருடின்னு சொன்னப்ப ஒருத்தராவது 'இருக்காது'ன்னு சொல்லலாம்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவள் கையிலிருந்த பதிவேட்டை வேனின் முன்பக்கத்தில் விரித்து, காதிலிருந்த பென்சிலை அதன் மேல் வைத்தாள்.

"எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

"என்னன்னு எழுதறது?" என்றார் பியானோ சார்.

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

முதலில் இறங்கி வந்தது வயலின் டீச்சர். நீண்ட நேரம் எழுதினாள். பியானோ சார் இரண்டு வரி எழுதினார், இரண்டாவது வரியை அடித்துவிட்டு நேர்மையாக இன்னொன்று எழுதினார். டிரம்ஸ் மாஸ்டர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஜோக் தேடினார். கிடைக்கவில்லை. தலையைக் குனிந்து எழுதிவிட்டு வேனுக்குள் ஏறிக்கொண்டார்.

ரெஜிஸ்டர் அக்கா மூன்றையும் படித்தாள். தேதி போட்டாள். கேட்டைத் திறந்துவிட்டாள்.

வேன் போன புழுதி அடங்குவதற்குள், தெருமுனையில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தோளில் பை, கையில் பாதி கடித்த ஆப்பிள். அம்மாவின் அதே நடை. அண்ணியும் வாலும் ஸ்கூட்டரில் ஏறி, அது கிளம்ப மறுப்பதை மரியாதையாகப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, கேட்டுலயே நிக்கறே?" என்றாள் மகள். "இவங்க யாரு? ஏதாவது பிரச்சனையா?"

ரெஜிஸ்டர் அக்கா மகளின் கையிலிருந்து ஆப்பிளை வாங்கி ஒரு கடி கடித்தாள். காலையிலிருந்து அவள் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஒண்ணுமில்லை," என்றாள். "எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. பத்து நாள் பள்ளிக்கூடம் முழுக்க நம்ம ரெண்டு பேர்தான். எந்த ரூம்ல வேணும்னாலும் பாடு."